எண்ணைச் சொன்னால் புத்தகம் கிடைக்கும்

தோட்டத்து வீடுகளில் பழைய சாமான்களுக்குக் குறைவில்லை. பாட்டி காலத்துத் தையல் மிஷின், வால்வு ரேடியோ, மண்ணெண்ணெய் விளக்கு என ஏதாவது ஒன்று மூலையில் இருக்கும். ஆனால் அதனுடன் வந்த சிறு புத்தகம் மட்டும் இருக்காது. கறையான் தின்றிருக்கும், அல்லது அடுப்பு மூட்டப் போயிருக்கும். புத்தகம் போனால் சாமானும் போனதுதான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல என்பதைப் பினாங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்துகொண்டேன்.

சுங்கைப் பட்டாணிக்கு அருகே ஒரு தோட்டத்தில் என் அக்காள் மகள் குடியிருக்கிறாள். செம்பனைக் குலை வெட்டும் அவள் கணவர் கால் ஒடிந்து வீட்டில் இருந்த சமயம் அது. தீபாவளிக்கு இருபது ரவிக்கை தைத்துத் தருவதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்ததோ அவள் மாமியாரின் தாயார் பால்மரம் வெட்டிய காசில் மாதத் தவணையில் வாங்கிய சிங்கர் மிஷின். ஏழைகள் வீட்டுக்கு அந்த மிஷின் வந்ததே தவணையால்தான். சிங்கர் நிறுவனம் 1856-லேயே தவணை விற்பனையைத் தொடங்கிவிட்டது.

மிஷின் ஓடியது. ஆனால் துணியின் அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கியது. டவுனில் பழுது பார்ப்பவர், "புத்தகமும் இல்லை, மாடலும் தெரியவில்லை, புதிதாக வாங்கிவிடுங்கள்" என்றார். பழைய இரும்பு வாங்குபவர் முப்பது வெள்ளி தருவதாகச் சொல்லிப் போயிருந்தார். "மாமா, இரண்டு நாள் பார்ப்போம், இல்லாவிட்டால் கொடுத்துவிடுகிறேன்" என்றாள் அவள்.

மறுநாள் ஞாயிறு. பட்டர்வொர்த் வரை பஸ், அங்கிருந்து படகு. ஜோர்ஜ்டவுனில் மாநகர விளையாட்டரங்கத்தை ஒட்டியிருக்கிறது லோரோங் கூலிட் சந்தை. காலையில் போனால்தான் பார்க்கலாம். வெயில் ஏற ஏறக் கடையைக் கட்டுவார்கள். தரையில் விரித்த படுதாக்களில் கடிகாரம், இஸ்திரிப் பெட்டி, நாணயம், பீங்கான், பழைய புத்தகம் எல்லாம் கிடந்தன. பழைய கறுப்புத் தையல் மிஷின் தலைகளை வரிசையாக வைத்திருந்த ஒரு சீனப் பெரியவரிடம் புத்தகம் உண்டா என்று கேட்டேன். இல்லையென்று தலையசைத்தவர், "ஆடா நொம்போர்?" என்று திருப்பிக் கேட்டார். பிறகு ஒரு மிஷினைத் திருப்பி, கைச்சக்கரத்தின் பக்கம் அடிப்பலகையில் பொறித்திருந்த எண்ணைத் தொட்டுக் காட்டினார்.

உடனே வீட்டுக்குப் போன் செய்தேன். அக்காள் மகள் துணியால் துடைத்துவிட்டுப் படித்தாள். முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, பிறகு ஆறு எண். எழுத்து 'இ' என்று தொடங்கியது.

லிட்டில் இந்தியாவில் அஞ்சடியில் மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்த ஒரு பாயிடம் அதைக் காட்டினேன். "அண்ணே, 'இ' என்று தொடங்கினால் கிளைட்பேங்க் சரக்கு. மாடல் எண்ணுக்குப் பின்னால் 'கே' வருவதும் அந்த ஊரைத்தான் குறிக்கும்" என்றார். கிளைட்பேங்க் ஸ்காட்லாந்தில் இருக்கிறது. கில்போவி என்ற இடத்தில் 1885-இல் சிங்கர் பெரிய ஆலையைத் திறந்தது. 'கே' என்பது கில்போவியின் முதலெழுத்து. 1911-இல் அங்கே பெட்டிகளுக்கு மெருகு போடும் சில பெண்கள் வேலைச்சுமை கூடியதை எதிர்த்து வெளியேறினார்கள்; சில நாட்களில் பல்லாயிரம் தொழிலாளர்கள் அவர்களுடன் சேர்ந்தார்கள். 1980-இல் ஆலை மூடப்பட்டது. அந்த ஊர் ரயில் நிலையத்துக்கு மட்டும் இன்னும் சிங்கர் என்றே பெயர்.

ஆலை போனாலும் எண்களின் பட்டியல் போகவில்லை. எந்த எழுத்துக்கும் எண்ணுக்கும் எந்த ஆண்டு, எந்த மாடல் என்பதைப் பழைய தையல் மிஷின் சேகரிப்பவர்களின் அனைத்துலகச் சங்கம் தொகுத்து வைத்திருக்கிறது. பழைய மாடல்களின் புத்தகங்களை சிங்கர் நிறுவனமும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நூலகமும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. பாயின் மகன் கைப்பேசியில் தேடினான். எங்கள் மிஷின் 66-ஆம் வகை. புத்தகம் கிடைத்தது. பக்கத்து நகல் கடையில் சில வெள்ளிக்கு அச்சிட்டு எடுத்துக்கொண்டேன்.

புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் படங்கள் பேசின. அன்று இரவு நான் படித்துச் சொல்ல, அக்காள் மகள் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் தமிழில் எழுதிக்கொண்டாள். மேல் நூலைக் கோக்கும்போது அழுத்துக்கால் தூக்கியிருக்க வேண்டும். அப்போதுதான் இறுக்கத் தட்டுகளுக்கு இடையில் நூல் இறங்கும். இறங்காவிட்டால் அடியில் வளையம் விழும். அவள் மிஷினின் நோய் அதுதான். ஊசியில் நீண்ட பள்ளம் உள்ள பக்கமிருந்து நூல் நுழைந்து, தட்டைப் பக்கம் வெளியே வர வேண்டும். ஊசி மாட்டும் திசை மாடலுக்கு மாடல் மாறும்; அதனால்தான் தன் மாடலின் புத்தகம் தேவைப்படுகிறது. தையல் மிஷின் எண்ணெய் மட்டுமே விட வேண்டும். தேங்காய் எண்ணெய் காய்ந்து பிசினாகி மிஷினைப் பிடித்துக்கொள்ளும்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே இருபது ரவிக்கையும் போய்ச் சேர்ந்தன. இரும்புக்காரர் மறுபடி வந்தபோது மிஷின் சத்தம் வாசல்வரை கேட்டதாம். அவர் பேச்சே எடுக்கவில்லை.

தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயரும் குடும்பங்கள் முதலில் கழிப்பது இப்படிப்பட்ட சாமான்களைத்தான். கழிக்குமுன் ஒரு நிமிடம் துடைத்துப் பாருங்கள். மிஷினானால் அடிப்பலகையில், ரேடியோவானால் பின்பலகையில் எண் இருக்கும். அதைக் காலண்டரில் குறித்துவையுங்கள். படிக்கிற பிள்ளைகளிடம் கொடுத்தால் தேடித் தருவார்கள். புதிதாக வாங்கும் சாமானின் புத்தகத்தைப் பிறப்புப் பத்திரங்களோடு பத்திரப்படுத்துங்கள். உங்களிடம் பழைய புத்தகம் ஒன்று இருந்தால், அக்கம்பக்கத்தாருக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுங்கள். எந்த வீட்டில் எந்த மிஷின் பேசாமல் கிடக்கிறதோ, யாருக்குத் தெரியும்?