அரிவாளும் அறிவுரையும்

ஏலம் மணக்கும் போடிநாயக்கனூர் மலைச்சரிவுகளுக்குப் படப்பிடிப்புக் குழுவினர் புதியவரல்லர். நம் பிள்ளைகளுக்குத் திரைப்படமும் புதிதன்று. ஆதலின் கேட்கிறோம்: வன்முறையைக் கண்டிக்கும் படமே அதற்கு அழகு சேர்த்துவிடுகிறதா?

1992-இல் பரதன் இயக்க, கமல்ஹாசன் எழுதி நடித்த ‘தேவர் மகன்’ ஆயுதத்தைக் கைவிடச் சொன்ன படம். கொலை செய்த நாயகன் இறுதியில் சிறைக்கே செல்கிறான். நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆயினும், பின்னாளில் விழாக்களில் ஒலிபெருக்கி முழங்கியது அந்த அறிவுரையை அன்று. குலப்பெருமை பேசிய பாடலையே! ஏன்? அறிவுரைக்குக் கிடைத்தவை இறுதிச் சில நிமிடங்கள்; வீரத்துக்கோ இசையும் ஒளியும் நாயகனின் முகமும் வாய்த்தன.

படத்தைத் தடுப்பதால் பயனில்லை. பார்த்து வந்த பிள்ளையிடம் பெற்றோராகிய நாம் ஒன்று கேட்போம்: “வெட்டுண்டவனின் தாய் என்ன ஆனாள்?”