வேங்கிக்காலில் பட்டி பார்க்கிறவர்கள்

திருவண்ணாமலையில் வேலூர் சாலையிலிருந்து வேங்கிக்காலின் உட்தெருக்களுக்குள் திரும்பினால், சவுக்குச் சாரம் கட்டிய வீடு ஒன்றாவது கண்ணில் படும். ஆட்சியர் அலுவலகம் இங்கே இருப்பதால் வந்து குடியேறியவர்களின் வீடுகள், கிரிவலத்துக்கு வருகிறவர்களை நம்பி மாடியில் அறைகள் எடுக்கும் வீடுகள். அப்படி ஒரு புது வீட்டில், பெயிண்டர்களின் வேலையைக் கூடவே இருந்து பார்த்தேன்.

வீட்டுக்காரர் ஷேடு கார்டை நீட்டினார். மேஸ்திரி அதை வாங்கவில்லை. கீழ்த்தளத்தின் வடக்குச் சுவரைக் கட்டைவிரல் நகத்தால் கீறினார். பிறகு உள்ளங்கையால் தடவி, ஒட்டிய வெள்ளைத் தூளைக் காட்டினார்.

"உப்பு பூத்திருக்கு சார். இதுமேல எந்தக் கம்பெனி பெயிண்ட் அடிச்சாலும் பொரிஞ்சிடும்."

சிமெண்ட் பூச்சு காரத்தன்மை உள்ளது. அதற்குள் இருக்கும் ஈரம் வெளியேறும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு வரும். அதனால்தான் பூச்சு முடிந்து குறைந்தது 28 நாளாவது ஆறவிட வேண்டும் என்கிறார்கள். ஆனால் இந்த வீட்டில் கணக்குப்படி நாள் கடந்திருந்தது. மேஸ்திரி நாளை நம்பவில்லை. ஒரு முழம் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டினார். மறுநாள் காலையில் தாளின் உள்பக்கம் பொடிப்பொடியாக வியர்த்திருந்தது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கொத்தனாரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, அந்தச் சுவரை விட்டு அடுத்ததற்குப் போனார்.

வீட்டுக்குப் பெயிண்ட் தேர்வது என்பது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். எமல்ஷன் சுவரின் மேல் ஒரு தோலாகப் படிகிறது. அடியில் ஈரம் இருந்தால் கொப்புளம் கிளம்பும். ஓதம் விடாத பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்பையே சொல்வேன். சட்டையில் ஒட்டும், பொங்கலுக்குப் பொங்கல் அடிக்க வேண்டும். ஆனால் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்காது.

வெளிச்சுவர் வேலையை வெயில்தான் நடத்துகிறது. காலையில் மேற்குச் சுவர், உச்சி சாய்ந்ததும் கிழக்குச் சுவர். கொதிக்கும் சுவரில் பெயிண்ட் பிடிப்பதற்கு முன்பே காய்ந்து, பிரஷ் இழுத்த கோடு அப்படியே நின்றுவிடும். உள்ளே அடித்தது மிஞ்சியிருக்கிறதே என்று வெளியே அடிக்கிறவர்கள் உண்டு. அது கூடாது. எக்ஸ்டீரியர் எமல்ஷனில் வெயில் தாங்கும் அக்ரிலிக்கும் பாசி பிடிக்காமல் இருக்க மருந்தும் சேர்த்திருக்கிறார்கள். சுவர் வெயிலில் விரிந்து சுருங்கும்போது அதுவும் கூடவே கொஞ்சம் வளைந்துகொடுக்கும்.

வீட்டுக்காரரின் மகன் முகப்புக்கு அடர் ஊதா கேட்டான். மேற்குப் பார்த்த முகப்பு. "சீக்கிரம் வெளுத்துடும் தம்பி. காவி, மண் மஞ்சள், இல்ல சாம்பல் எடுத்துக்க" என்றார் மேஸ்திரி. காரணம் இருக்கிறது. காவியும் மண் மஞ்சளும் இரும்பு ஆக்சைடு நிறமிகள். வெயில் அவற்றை எளிதில் தொட முடியாது. நம் கோயில் மதில்களின் காவிப் பட்டைகளுக்கும் அதே மண்தான்.

இந்த ஊரில் ஓர் அவசரமும் உண்டு. கார்த்திகை தீபத்துக்குள் முடித்துக் கொடு என்பார்கள். தீபம் வருவதோ வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில். நனைந்த சுவரில் அடிக்கச் சொல்லிவிட்டுப் பிறகு பெயிண்டரைக் குறைசொல்வது நியாயமில்லை.

உள்ளே பட்டி பார்க்கும் வேலையை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். தகட்டைக் கீழிருந்து மேலாக ஒரே இழுப்பில் இழுக்கிறார்கள். காய்ந்ததும் ஒருவர் சுவரோரமாகப் பல்பைப் பிடிக்க, சிறு மேடும் பள்ளமும் நிழலாக எழுந்து நிற்கின்றன. அந்த இடங்களில் மட்டும் மறுபடி உப்புத்தாள். பளபளப்பான பெயிண்டும் அந்த பல்பைப் போலத்தான், குறையைக் காட்டிக்கொடுக்கும். அதனால் ஹாலுக்கு மட்டான எமல்ஷன், எண்ணெய்ப் புகை படியும் சமையலறைக்குத் துடைத்துக் கழுவக்கூடிய பளபளப்பு ரகம், கை படாத சீலிங்குக்கு விலை குறைந்த வெள்ளை. பெயிண்டில் தண்ணீரைக் கூட்டினால் அதிக இடத்துக்குப் பரவும், ஆனால் நிறம் நிற்காது.

டப்பாவுக்குள் பெயிண்டருக்கு டோக்கன் வைத்து விற்கும் வழக்கத்தை எல்லோரும் அறிவார்கள். கம்பெனிகளுக்குள் போட்டி அப்படி. 2024இல் சந்தைக்கு வந்த பிர்லா ஓபஸுக்கு இதே மாவட்டத்தின் செய்யாறிலேயே தொழிற்சாலை இருக்கிறது. டோக்கனுக்காகத்தான் பெயிண்டர் ஒரு பிராண்டைச் சொல்கிறாரோ என்று வீட்டுக்காரர் சந்தேகப்படுவதில் தவறில்லை. ஆனால் வேலை இல்லாத மழை மாதங்களைத் தாண்ட அந்தப் பணமும் உதவுகிறது என்றார் மேஸ்திரி. கூலியைச் சரியாகக் கொடுத்து, பிராண்டைச் சேர்ந்து பேசி முடிவு செய்வதுதான் எனக்குத் தெரிந்த வழி.

பட்டியைத் தேய்க்கும்போது அறை முழுக்க வெண்புகை. மூக்கில் கட்டிய துண்டு அந்தத் தூளை நிறுத்தாது. பழைய வீடுகளின் கதவு, கிரில்களில் ஆபத்து இன்னும் அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலைத் தண்ணீர் தொட்டே தேய்க்க வேண்டும், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தமிழ்நாட்டில் 1994 முதல் இருக்கிறது. பெயிண்டர்களும் அதில் சேரலாம். இந்தக் குழுவில் இளையவர்கள் இருவரிடம் அட்டை இல்லை. மதியச் சாப்பாட்டின்போது என்னென்ன சான்று வேண்டும் என்று மேஸ்திரியே அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "திங்கக்கிழமை வேலைக்கு வராதீங்க, அதை முடிச்சிட்டு வாங்க" என்றார்.