"ஒரே ஒரு ஹீட்தான் தம்பி!"

உங்க வீட்டுப் பரண்மேல பழைய பித்தளைப் பாத்திரம் ஏதாவது தூங்கிட்டு இருக்கா? அதுல ஈயம் பூசாம புளிக்குழம்பு வெச்சுப் பாருங்க... வேணாம், வெச்சா பாட்டி உங்களைத் துரத்துவாங்க. புளி பித்தளையைத் தின்னும், அது குழம்புல இறங்கும், குழம்பு கசக்கும். சமையலைவிட சட்டிதான் முக்கியம்னு பாட்டிக்குத் தெரிஞ்ச இந்த ரகசியம், மெட்டலர்ஜி மூணாவது வருஷம் படிக்கிற எனக்கும் தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்காம நின்னேன் பாருங்க, அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

லீவுல இன்-பிளான்ட் ட்ரெய்னிங். ஃப்ரெண்ட்ஸெல்லாம் சாஃப்ட்வேர் கம்பெனி ஏ.சி-யில ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்க, எனக்குக் கிடைச்சது கோயமுத்தூர் பக்கத்துல ஒரு சின்ன ஃபவுண்டரி. பேர் வேணாம். அரை டன் இண்டக்‌ஷன் ஃபர்னஸ், கரி படிஞ்ச கூரை, காலையில ஏழு மணிக்கே டீயோடு சேர்த்து தூசியும் குடிக்கலாம்.

ஃபர்னஸை நீங்க பார்த்ததில்லைன்னா சொல்றேன். பெரிய உரல் மாதிரி இருக்கும். உள்ளே கொதிக்கிற உலோகம். சுத்தி தாமிர காயில், காயிலுக்குள்ள தண்ணி ஓடும். கொதிக்கிற இரும்புக்கும் அந்தத் தண்ணிக்கும் நடுவுல இருக்கிறது அடிச்சு இறுக்கின மண்ணு மட்டும்தான். அதுதான் லைனிங். அந்த மண்ணு எந்த ஜாதின்னு பார்க்கிறது உலகத்துல நியாயமான ஒரே ஜாதி பார்க்கிற விஷயம்னு நினைக்கிறேன். சிலிக்கா மண்ணு அமில குணம், விலை குறைவு. மேக்னீசியா கார குணம், விலை அதிகம். அலுமினா நடுவாந்தரம். உள்ளே உருக்குற சரக்குக்கு ஏத்த மண்ணைப் போடலைன்னா சரக்கு மண்ணைத் தின்னும். தின்னது வயித்துல தங்கி, வார்ப்பு ஆறினதும் உள்ளே துகளாக, ஓட்டையாக வெளிப்படும். 'க்ளீன் ஸ்டீல்'னு புத்தகத்துல பக்கம் பக்கமா படிக்கிறோமே, அதுல பாதி இந்த மண்ணு சமாச்சாரம்தான்.

மேக்னீசியான்னதும் எனக்குக் கொஞ்சம் சொந்த ஊர்ப் பாசம். நான் சேலம். எங்க ஊர் ஜங்ஷன் பக்கத்துல 'மேக்னசைட்'னே ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்கு. அந்த வெள்ளைக் குன்றுகள்ல தோண்டி எடுக்கிற கல்லைச் சுட்டா கரியமில வாயு போயிடும், மிச்சம் இருக்கிற மேக்னீசியா 2,800 டிகிரி வரைக்கும் உருகாது. சின்ன வயசுல ஜன்னலோரம் உட்கார்ந்து அதை சுண்ணாம்புன்னு நினைச்சிட்டிருந்தேன்!

சரி, அந்த நாள். கல் குவாரிக்கு ஜல்லி உடைக்கிற மெஷினுக்கான ஜா பிளேட் ஆர்டர். மாங்கனீஸ் ஸ்டீல். 1882-ல ஷெஃபீல்டுல ராபர்ட் ஹேட்ஃபீல்டு கண்டுபிடிச்ச ஐட்டம், சுமார் 13 சதவிகிதம் மாங்கனீஸ், அடிக்க அடிக்க இறுகும். இதை மேக்னீசியா லைனிங்லதான் உருக்கணும். ஆனா, அந்த உலையில லைனிங் தேய்ஞ்சு பிரிச்சுப் போட்டிருந்தாங்க. பக்கத்து உலையில சிலிக்கா தயாரா இருந்தது. சாயங்காலம் லாரி வரும்.

மெல்ட்டர் அண்ணா பத்தாவது தாண்டாதவர். இருபது வருஷமா உலை முன்னாடி நிக்கிறார். "இந்த மண்ணு மாங்கனீஸைத் தாங்காதுங்க சார்" என்றார். சூப்பர்வைஸர் வாட்ச்சைப் பார்த்தார். "ஒரே ஒரு ஹீட்தான்" என்றவர், என் பக்கம் திரும்பி, "என்ன தம்பி, இன்ஜினீயர்... ஒரு ஹீட் தாங்காதா?" என்றார்.

என் மண்டைக்குள்ள சமன்பாடு ஓடுது. ரெண்டு மாங்கனீஸ் ஒரு சிலிக்காவோட ஆக்சிஜனைப் பிடுங்கிக்கும். சிலிக்கான் ஸ்டீலுக்குள்ள போகும். உண்டான மாங்கனீஸ் ஆக்ஸைடு மிச்ச சிலிக்காவோட சேர்ந்து 1,300 டிகிரி பக்கத்துலயே உருகுற கண்ணாடியா ஆகும். உலை இருக்கிறதோ 1,500-ல! எல்லாம் தெரியும். ஆனா, சர்டிஃபிகேட்ல கையெழுத்துப் போடப்போறவர் அவர். "தாங்கும்னு நினைக்கிறேன் சார்" என்று சொல்லிட்டேன். அண்ணா என்னை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான்.

கசடு ரசம் மாதிரி தண்ணியா மிதந்தது. வழிக்க வழிக்க வந்துக்கிட்டே இருந்தது. முதல் சாம்பிளுக்கும் கடைசி சாம்பிளுக்கும் நடுவுல சிலிக்கான் 0.4 ஏறி, மாங்கனீஸ் 11.5-க்கு இறங்கியிருந்தது. ஊத்தப் போற நேரம் பேனல்ல எர்த் லீக்கேஜ் முள் துடிச்சு மேல போச்சு. லைனிங் மெலிஞ்சு, உலோகம் காயிலை நெருங்குதுன்னு அர்த்தம். காயிலைத் தொட்டா தண்ணி... அப்புறம் என்ன ஆகும்னு சொல்ல வேண்டாம். அண்ணா கரன்ட்டைக் கட் பண்ணி, எல்லாரையும் விலகச் சொல்லிட்டு, தான் மட்டும் நின்னு உலையைச் சாய்ச்சார். என் கால் என் பேச்சைக் கேட்கலை.

யாருக்கும் எதுவும் ஆகலை. ஆறு பிளேட்ல ரெண்டு விரிசல், மிச்சத்துல அம்மைத் தழும்பு. அத்தனையும் ஸ்கிராப். ரிப்போர்ட்ல காரணம்ங்கிற கட்டத்துல 'ஆபரேட்டர் கவனக்குறைவு'ன்னு எழுதியிருந்தது.

ராத்திரி ஹாஸ்டல்ல தூக்கம் வரலை. லைப்ரரியில படிச்ச சிட்னி தாமஸ் ஞாபகம் வந்தார். லண்டன்ல போலீஸ் கோர்ட் குமாஸ்தா. பகல்ல கோர்ட், சாயங்காலம் கெமிஸ்ட்ரி வகுப்பு. பெஸ்ஸமர் உலையில பாஸ்பரஸ் போகவே போகாது, ஸ்டீல் குளிர்ல உடையும். பாஸ்பரஸை இழுக்க சுண்ணாம்பு போடணும், போட்டா அமில லைனிங்கை அது அரிச்சிடும். குமாஸ்தா என்ன பண்ணார்? லைனிங்கையே மாத்தினார், டாலமைட் காரச் சுவர். வேல்ஸ்ல கெமிஸ்ட்டா இருந்த கஸினோட சேர்ந்து சோதிச்சு, 1879-ல மிடில்ஸ்பரோவுல ஜெயிச்சுக் காட்டினார். 34 வயசுல செத்துப்போனார். ஒரு குமாஸ்தா பெரிய பெரிய ஸ்டீல் முதலாளிங்ககிட்ட 'உங்க சட்டி சரியில்லை'ன்னு சொல்லியிருக்கார். எனக்கு ஒரு சூப்பர்வைஸர்கிட்ட சொல்ல வாய் வரலை.

பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். 500 கிலோவுல 0.4 சதவிகிதம்னா ரெண்டு கிலோ சிலிக்கான். அதுக்கு மட்டுமே நாலு கிலோவுக்கு மேல சுவர் கரைஞ்சிருக்கணும். அதுக்குச் செலவாகிற மாங்கனீஸ் ஒன்றரை சதவிகிதம். சாம்பிள் ரிசல்ட்டோட அச்சு அசலா பொருந்துச்சு. கவனக்குறைவு உலை முன்னாடி நடக்கலை.

காலையில மேனேஜர் ரூமுக்குப் போய் நீட்டினேன். ரெண்டு தடவை படிச்சார். ரிப்போர்ட்டை வரவழைச்சு அந்தக் கட்டத்தை அடிச்சார். அப்புறம் கண்ணாடியைக் கழட்டிட்டு, "கணக்கெல்லாம் சரி... நேத்து மத்தியானம் நீ அங்கேதானேப்பா இருந்தே?" என்றார்.

பதில் சொல்லலை. ஷெட்டுக்கு வந்தேன். அண்ணா புது லைனிங் போட்டுக்கிட்டிருந்தார், மேக்னீசியா. அடுக்கடுக்கா மண்ணைக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் இத்தனை குத்துன்னு எண்ணி இறுக்கணும். எங்கேயாவது லூஸா விட்டா உலோகம் அந்த இடத்தைத்தான் தேடிப் போகும். "அண்ணா, நேத்து..." என்று ஆரம்பிச்சேன். ஒரு கம்பியை எடுத்து என் கையில குடுத்தார்.

"குத்துறப்ப பேசாதீங்க தம்பி, எண்ணிக்கை தப்பிடும்."