பந்து ஏன் இடப்பக்கம் ஓடுகிறது?

கோல்ப் என்றதும் "அது துரைமார் ஆட்டம், நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். துரைமார் ஆடிய காலத்தில் அவர்களுடைய பையைச் சுமந்து நடந்தவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. பால்மரம் நின்ற இடங்கள் சில இன்று கோல்ப் திடல்களாகிவிட்டன. அங்கே வேலைக்குப் போகும் பையன்களுக்கு யாராவது பெரிய மனிதர் தம் பழைய இரும்பு மட்டைகளைத் தருவதுண்டு. சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது.

என்னிடம் படித்த பையன் ஒருவன் ஐந்தடிக்குச் சற்று மேல்தான் இருப்பான். ஆறடி மனிதரின் மட்டைகள் அவன் கைக்கு வந்தன. அடித்த பந்தெல்லாம் இடப்பக்கம் போயிற்று. "தலையைத் தூக்குகிறாய்", "கையைத் திருப்புகிறாய்" என்று ஆளுக்கொரு குறை சொன்னார்கள். அத்தனையையும் கேட்டு நன்றாயிருந்த வீச்சையும் கெடுத்துக்கொண்டான். ஆட்டமே வேண்டாம் என்று ஒரு நாள் என்னிடம் வந்து நின்றான்.

மட்டையின் அடிப்பாகத்தில் ஒட்டுநாடா ஒட்டி, பலகைமேல் வைத்த பந்தை அடிக்கச் சொன்னேன். குதிப்பக்கம் மட்டும் நாடா கிழிந்திருந்தது. உயரமானவருக்குச் செய்த மட்டையைக் குட்டையானவன் பிடித்தால் நுனி மேலே தூக்கிக்கொள்ளும். நெட்டைக் காம்பு மண்வெட்டியைச் சிறுபிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள், புரியும்.

நுனி தூக்கினால் பந்து ஏன் இடப்பக்கம் போக வேண்டும்? ஒரு புத்தகத்தின் பின்னால் நின்று, அதன் அட்டை எதிர்ச்சுவரைப் பார்க்கும்படி நிறுத்திச் சற்றே மல்லாத்துங்கள். இப்போது வலது ஓரத்தைத் தூக்குங்கள். அட்டை இடப்பக்கம் திரும்புகிறதல்லவா? மட்டை முகமும் அப்படித்தான். அதிகம் மல்லாந்த 9ஆம் எண் மட்டையில் இந்தக் கோணல் கூடும். 4ஆம் எண்ணில் குறையும். வீச்சு போகும் வழியில்தான் பந்து கிளம்பும் என்று பழைய புத்தகங்கள் பல சொல்லின. ராடார் கருவி வந்த பிறகு, முகம் பார்க்கும் திசைக்கே பெரும்பங்கு என்று தெளிவாயிற்று.

மட்டையைக் குறை சொல்லுமுன் காலைப் பாருங்கள். பாதங்களின் முன்னே ஒரு மட்டையைத் தரையில் கிடத்தினால், நிற்பது நேரா கோணலா என்று தெரிந்துவிடும். மேட்டுச் சரிவில் பந்து காலைவிட உயரத்தில் கிடந்தாலும் இடப்பக்கமே ஓடும். அதற்கு வலப்பக்கம் சற்றுத் தள்ளிக் குறி வைத்தால் போதும். (இதெல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கு, இடக்கையருக்குத் திசை மாறும்.)

பையனை இரண்டு விரல் தாழப் பிடிக்கச் சொன்னேன். தூரம் கொஞ்சம் குறைந்தது, பந்து நேரே போயிற்று. மட்டை விற்கும் கடைகளில் கழுத்தை ஓரிரு பாகை வளைத்தும் தருவார்கள். அடித்துச் செய்த இரும்பு எளிதில் வளையும். வார்ப்பிரும்பு உடைந்துபோகவும் கூடும். ஆகவே கேட்டுவிட்டுக் கொடுங்கள்.