காலடியில் ஓர் இடம்

நியூயார்க் மாநகருக்கு விமானத்தில் செல்வோரில் பலர் உண்மையில் இறங்குவது நியூயார்க்கில் அன்று. மாநகருக்கு மேற்கே, நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த நியூவார்க் விமான நிலையத்திலேயே அவர்கள் இறங்குகிறார்கள். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் காணச் செல்லும் நம்மவர் பலருக்கும் அது பழகிய இடம். 1928ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் திறக்கப்பெற்ற அந்நிலையம், நியூயார்க் வட்டாரத்தின் முதற்பெரும் விமான நிலையம் என்ற பெருமைக்குரியது. 1935இல் எழுந்த அதன் பழைய பயணியர் கட்டடம் 2001இல் அடியோடு பெயர்த்து நகர்த்தப்பட்டு, இன்றும் அலுவலகமாகப் பயன்படுகிறது.

அங்கு முதன்முறை செல்லும் தமிழர் ஒருவரை வியப்பில் ஆழ்த்துவது கட்டடங்களின் பெருமையைவிட, வரிசையில் மனிதரோடு மனிதராய் நிற்கும் நாய்களே எனலாம். சில நாய்கள் தோளில் தொங்கும் பைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்க்கின்றன. சில கழுத்துவாருடன் நடந்து செல்கின்றன. அரிதாக ஒரு நாய், முதுகின்மேல் விறைப்பான கைப்பிடி பொருத்திய தோற்கச்சை அணிந்து, தன் பின்னே வரும் பார்வையற்றவரை நெரிசலினூடே ஒருவர்மீதும் உரசாமல் நடத்திச் செல்கிறது. நாய்கள் இயற்கைக் கடன் கழிப்பதற்கென்றே செயற்கைப் புல் விரித்த அறைகளும் உண்டு. 2016 ஆகஸ்டு முதல், அந்நாட்டின் பெரிய விமான நிலையங்கள் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிய பகுதியிலும் இத்தகைய இடம் அமைத்தாக வேண்டுமென்பது அரசின் விதி.

பயணிகளுக்கே கால் நீட்ட இடம் போதாத விமானத்தில், ஒரு நாய்க்கு எவ்வாறு இடம் கிடைத்தது? அவ்வுரிமை பின்னர் ஏன் பழுதுபட்டது? இவ்விரு வினாக்களுக்கும் விடை இந்த நியூவார்க்கைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

ஒற்றைச் சொல் தந்தி

டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் வாழ்ந்தவர் மோரிஸ் ஃபிராங்க் என்னும் இளைஞர். விபத்துகளால் இரு கண்களின் பார்வையையும் இழந்தவர். 1927 நவம்பரில் வார இதழ் ஒன்றில் வெளிவந்த கட்டுரையை அவருடைய தந்தை அவருக்குப் படித்துக் காட்டினார். போரில் கண்ணிழந்த ஜெர்மானிய வீரர்களுக்கு நாய்கள் வழிகாட்டப் பழக்கப்படுவதைப் பற்றி, சுவிட்சர்லாந்தில் நாய்ப் பயிற்சி நிலையம் நடத்திவந்த டாரதி ஹாரிசன் யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதிய கட்டுரை அது. மோரிஸ் உடனே அவருக்கு மடல் வரைந்தார். 1928இல் கப்பலேறிச் சுவிட்சர்லாந்து சென்றார்.

அந்தக் கடற்பயணம் கொடியது. பார்வையற்றவர் என்பதால் அவரைப் பயணியாக அன்றி, ஒப்படைக்க வேண்டிய ஒரு பொட்டலத்தைப் போலவே நடத்தினார்கள். குறித்த வேளையில் நடத்திச் சென்று, மற்ற வேளைகளில் அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். திரும்பி வரும்போதோ, அவர் அருகே ஒரு பெண் நாய் இருந்தது. 'முத்தம்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை அதற்கு முன்பு இட்டிருந்தனர். தெருவில் அப்பெயரைக் கூவி அழைக்க நாணிய இளைஞர், 'தோழன்' என்று பொருள்படும் 'பட்டி' என்ற பெயரைச் சூட்டினார். நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியதும், செய்தியாளர்கள் முன்னிலையில், வண்டிகள் இரைந்தோடும் அகன்ற சாலை ஒன்றை அந்நாயின் கைப்பிடியைப் பற்றியவாறே கடந்து காட்டினார். யூஸ்டிஸ் அம்மையாருக்கு அவர் அனுப்பிய தந்தியில் இருந்தது ஒரே சொல்: வெற்றி.

1929 ஜனவரியில் இருவரும் சேர்ந்து நாஷ்வில்லில் ஒரு வழிகாட்டி நாய்ப் பள்ளியைத் தொடங்கினர். கேட்கும் காதையும் காணும் கண்ணையும் பற்றிப் பேசும் நீதிமொழிகள் நூலின் 20ஆம் அதிகாரம் 12ஆம் வசனத்திலிருந்து அதற்குப் பெயர் எடுத்தனர். 'காணும் கண்' என்பதே அப்பள்ளியின் பெயர். சில ஆண்டுகளில் அது நியூ ஜெர்சிக்கு இடம் பெயர்ந்தது.

ஆயினும் நாயைப் பழக்குவதைவிட நாட்டைப் பழக்குவது கடினமாயிருந்தது. உணவகங்கள் கதவடைத்தன, விடுதிகள் இடம் மறுத்தன, இரயில்களில் நாயைச் சுமைப்பெட்டியில் ஏற்றச் சொன்னார்கள். மோரிஸ் ஊர் ஊராய்ச் சென்று, வாதத்தைவிடப் பட்டியின் நடத்தையையே சான்றாகக் காட்டினார். உணவு மேசையின் கீழே அது படுத்திருப்பதை, எழுந்து செல்லும்வரை பக்கத்து மேசையினர் அறியார். 1935க்குள் இரயில் நிறுவனங்கள் இணங்கின. 1938 மே மாதம், பட்டி முதுமையுற்றுத் தளர்ந்திருந்த வேளையில், யுனைடெட் நிறுவனம் வழிகாட்டி நாய்கள் தம் உரிமையாளரோடு பயணியர் பகுதியிலேயே செல்ல இசைந்தது. சிக்காகோவில் ஏறிய மோரிஸும் பட்டியும் நியூவார்க்கில் வந்திறங்கினர். சில நாட்களில் பட்டி இறந்தது. அதன் பின் தமக்கு வாய்த்த நாய்களுக்கும் மோரிஸ் அப்பெயரையே சூட்டினார்.

மோரிஸ்டவுன் வீதிகளிலே

நியூவார்க் விமான நிலையத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் மோரிஸ்டவுன் என்னும் சிற்றூர் உள்ளது. விடுதலைப் போரின்போது ஜார்ஜ் வாஷிங்டன் இருமுறை படையுடன் குளிர்காலத்தைக் கழித்த இடமாதலால், வரலாற்று நூல்களில் அதற்குத் தனியிடம் உண்டு. ஊர் நடுவே மரங்கள் சூழ்ந்த பசும்புல் திடல். அங்கே 2005இல் நிறுவப்பட்ட வெண்கலச் சிலையில் மோரிஸும் பட்டியும் நடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பீடமில்லை, நடைபாதையில் நடப்பவரோடு நடப்பவராகவே நிற்கிறார்கள்.

பள்ளி இவ்வூரைச் சார்ந்தே இயங்குகிறது. குட்டிகள் ஏழெட்டு வாரமானதும் தன்னார்வக் குடும்பங்களின் இல்லங்களில் ஓராண்டுக்கு மேல் வளர்கின்றன. பெரும்பாலும் சிறுவர் சிறுமியர் உள்ள இல்லங்கள் அவை. கடை, பேருந்து, இரயில் எனப் பல இடங்களையும் அவர்கள் குட்டிக்குக் காட்டிப் பழக்குகிறார்கள். நியூவார்க் விமான நிலையமும் அவற்றுள் ஒன்று. பின்னர், ஆசையாய் வளர்த்த அந்நாயைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தேர்ந்த பயிற்சியாளர் ஒருவர் ஏறத்தாழ நான்கு மாதங்கள் அதை மோரிஸ்டவுன் வீதிகளில் பழக்குகிறார். இறுதியில் பார்வையற்றவர் வந்து, மூன்று வாரங்களுக்கு மேல் தங்கி, நாயோடு சேர்ந்து பயில்கிறார். அவர் செலுத்துவது 150 டாலர். படையில் பணியாற்றியவராயின் ஒரே டாலர். தொகை சிறிதேயாயினும், இது பிச்சையன்று, நான் பெற்றுக்கொண்டது என்று அவர் தலைநிமிர வேண்டும் என்பதே நோக்கம்.

இப்பயிற்சியின் உச்சம், கீழ்ப்படியாமையைக் கற்பிப்பதாகும். 'முன்னே செல்' என்று தலைவர் ஆணையிட்டாலும், வண்டி வருமாயின் நாய் அசையாது நிற்க வேண்டும். எப்போது பணிவது, எப்போது மறுப்பது என்றறிந்த அந்நாய், விமானத்தில் ஏறியதும் தலைவரின் காலடியில் சுருண்டு படுத்து, பல மணி நேரம் ஓசையின்றிக் கிடக்கும். அக்காலடி இடம் அதற்கு இரக்கத்தால் கிடைத்ததன்று, ஒழுக்கத்தால் ஈட்டப்பட்டது.

மயில் வந்த நாள்

1986இல் அமெரிக்கா இயற்றிய சட்டமொன்று, விமானப் பயணத்தில் உடற்குறையுடையோருக்கு வேற்றுமை காட்டுதலைத் தடை செய்தது. நாளடைவில் அதன் விதிகள், மனநோயால் வருந்துவோர் தமக்கு ஆறுதலளிக்கும் விலங்கையும் மருத்துவச் சான்றுடன் கட்டணமின்றி உடன்கொண்டு செல்ல இடமளித்தன. நோக்கம் நல்லதே. பறக்கும் அச்சத்தாலும் தீராத துயரத்தாலும் நடுங்கும் ஒருவருக்கு, மடியில் கிடக்கும் ஓர் உயிரின் வெம்மை பெருந்துணையாகும். அதை எள்ளி நகையாடுதல் தகாது.

ஆனால் விதியின் வாசலில் வேறு பலரும் நுழைந்தனர். செல்லப்பிராணியைக் கூண்டுப்பையிலிட்டு இருக்கையின் அடியில் வைத்துச் செல்ல ஒவ்வொரு பயணத்துக்கும் 100 டாலருக்குக் குறையாத கட்டணம் கேட்ட நிறுவனங்கள் பல. துணை விலங்கென்றாலோ ஒன்றுமில்லை. பெரிய நாயைச் சரக்கறையில் அனுப்ப அஞ்சியோரும் இருந்தனர். அவ்வச்சமும் முற்றிலும் வீணன்று; மூக்குக் குறுகிய புல்டாக், பக் போன்ற இனங்கள் அப்பயணத்தில் மூச்சுத் திணறி இறப்பதுண்டு. எனவே, பணம் செலுத்தினால் நேரில் காணாமலே சான்றெழுதித் தரும் இணையக் கடைகள் பெருகின. சேவை நாய்க்குரிய மேலங்கியும் விலைக்குக் கிடைத்தது. விமான நிறுவனங்களின் சங்கம் தந்த கணக்குப்படி, இத்தகைய துணை விலங்குகள் 2016இல் 4,81,000. மறு ஆண்டிலேயே 7,51,000.

விளைவு என்ன? பழகாத விலங்குகள் குரைத்தன, அசுத்தம் செய்தன. 2017 ஜூனில் அட்லாண்டாவில், புறப்பட இருந்த விமானத்தில், ஒருவர் மடியிலிருந்த பெரிய நாய் பக்கத்து இருக்கையில் சன்னலோரம் ஒதுங்கவும் வழியின்றி அமர்ந்திருந்தவரின் முகத்தைக் கடித்துக் குதறியது. 2018 ஜனவரியில் இதே நியூவார்க் நிலையத்துக்கு ஒரு பெண்மணி, மனத்துணை என்று கூறி ஒரு மயிலுடன் வந்தார். அதற்கெனத் தனிச் சீட்டும் வாங்கியிருந்தார். உருவும் எடையும் பொருந்தாவென்று நிறுவனம் மறுத்துவிட்டது. எண்பது ஆண்டுகளுக்கு முன் பட்டியை ஏற்றி வந்த அதே யுனைடெட் நிறுவனம்தான் அது. உலகம் சிரித்தது. ஆனால் மோரிஸ்டவுனில் பயின்று வந்த பார்வையற்றவர்கள் சிரிக்கவில்லை. போலி மேலங்கி அணிந்த நாய்களைக் கண்டு சலித்த பணியாளர், மெய்யான வழிகாட்டி நாயையும் ஐயத்தோடு நோக்கத் தொடங்கினர். பழகாத நாய் பாய்ந்து கடித்தால், பல மாதப் பயிற்சி ஒரு நொடியில் பாழாகி, அந்நாய் பணிக்கே உதவாமற்போவதுமுண்டு.

2020 டிசம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதியை மாற்றியது. 2021 ஜனவரி 11 முதல் அது நடைமுறைக்கு வந்தது. உடற்குறை அல்லது மனநோய் உடையவருக்கென ஒரு பணியைச் செய்யத் தனியே பயிற்றப்பட்ட நாய் மட்டுமே சேவை விலங்கு. அது தலைவரின் காலடிப் பரப்புக்குள் அடங்க வேண்டும். வெறும் ஆறுதல் தரும் விலங்கைச் செல்லப்பிராணியாகவே கொள்ளலாம். ஒழுங்கு ஓரளவு திரும்பியது. ஆனால் அதற்கு ஈடாக, நாயின் உடல்நலம், நடத்தை, பயிற்சி ஆகியவற்றை உறுதிகூறும் படிவங்களை விமான நிறுவனங்கள் கேட்கலாம். 48 மணி நேரம் முன்னதாகவே கேட்கவும் இடமுண்டு. அப்படிவங்களை நிரப்பும் தொல்லை, பொய்ச் சான்று வாங்கியோர்மீது விழவில்லை. கண் காணாதவர்மீதே விழுந்தது. பார்வையற்றோர் அமைப்புகள் இதனை எதிர்த்து முறையிட்டு வருகின்றன. பிறர் செய்த பொய்க்கு அவர்கள் வரி செலுத்துகிறார்கள்.

அருகில் அமர்வோர்க்கு

இனி, இவ்வழிப் பயணம் செய்வோர் அறிந்துகொள்ள வேண்டியவை சில. பணியிலிருக்கும் நாயைத் தடவுதலும், அதற்கு உணவளித்தலும், பெயர்சொல்லி அழைத்தலும் கூடா. அதன் கவனம் சிதறினால் இடர் அதன் தலைவருக்கே. பேச விரும்பினால் தலைவரிடம் பேசுக. நாயின் மயிரால் மூச்சிளைப்பு வருபவரும், நாயென்றாலே நடுங்குபவரும், முகஞ்சுளித்துப் பூசலிடாமல் பணியாளரிடம் தெரிவித்தால், இருவரையும் தொலைவாக அமர்த்த முயல்வர். அவர்தம் இன்னலும் மெய்யே. ஆனால் பிறர்க்கு அருவருப்பாயுள்ளது என்ற காரணத்தால் மட்டும் வழிகாட்டி நாயை இறக்கிவிட அந்நாட்டுச் சட்டம் இடந்தராது.

செல்லப்பிராணியை உடன்கொண்டு செல்வோரும், இடம் சுருங்கிய விமானத்தில் தம் விருப்பத்துக்குரிய விலையைத் தாமே செலுத்துவதுதான் நேர்மை. விருப்பம் தேவையின் மேலங்கியை உடுத்துமாயின், மெய்யாகவே தேவையுடையோர் வாசலில் நிறுத்தி வினவப்படுவர்.

அடுத்த முறை நியூவார்க்கில் விமானமேறி இருக்கையில் அமரும்போது, முன்வரிசையில் ஒருவர் காலடியில் கருநிற முதுகொன்று அசையாமல் படுத்திருக்கக் காணலாம். நம் கால்களைச் சற்றே மடக்கிக்கொண்டால் போதும். அதற்கு வேண்டிய இடம் அவ்வளவே.