நேரடி எது, மொழிபெயர்ப்பு எது?



என் ஸ்டீம் கணக்கில் இப்போது 61 விளையாட்டுகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் நீங்கள் பிறந்தநாளுக்கும் ஆசிரியர் தினத்துக்கும் பரிசாக அனுப்பியவை. அவற்றை நான் தனித்தனிப் பட்டியலாகப் பிரித்து வைத்திருப்பதைப் பார்த்த சிலர், "எல்லாந்தான் ஓடுதே டீச்சர், எதுக்கு இந்தப் பிரிவினை?" என்று கேட்டீர்கள். என் பேரனும், "ஆச்சிக்கு ரிட்டயர் ஆனாலும் ரெஜிஸ்டர் எழுதுற பழக்கம் போகல" என்று சிரித்தான். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்று இந்தப் பதிவு. கணினிப் பக்கம் போகாத மதினிமார்களும் அத்தைமார்களும் படிப்பீர்கள் என்பதால் அரிச்சுவடியிலிருந்தே தொடங்குகிறேன்.

சனி, ஞாயிறு காலையில் தெருப்பிள்ளைகள் நம் வீட்டுத் திண்ணைக்கு வருவது உங்களுக்குத் தெரியும். அங்கே ஐந்து கணினிகள் உண்டு. ஒன்று பேரன் வாங்கிக் கொடுத்த புதியது. மற்ற நான்கும் பழைய லேப்டாப்புகள். அதில் மூன்று, உங்களில் சிலருக்கு பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தவை, 2012, 2013 வாக்கில் வந்தவை. எல்லாவற்றிலும் லினக்ஸ்தான் போட்டிருக்கிறேன். காசு கிடையாது, பழைய இயந்திரத்தையும் தூக்கி நிறுத்தும்.

சிக்கல் என்னவென்றால், உலகத்தில் கணினி விளையாட்டு செய்கிறவர்களில் பெரும்பாலோர் விண்டோஸை மனத்தில் வைத்தே செய்கிறார்கள். சிலர் மட்டும் லினக்ஸுக்கென்றும் தனியாக ஒரு வடிவம் செய்து தருகிறார்கள். சினிமா போஸ்டரில் 'நேரடித் தமிழ்ப் படம்' என்று போடுவார்களே, அதுபோல இவை நேரடி லினக்ஸ் விளையாட்டுகள். அப்படியானால் மற்றவை லினக்ஸில் எப்படி ஓடுகின்றன?

விண்டோஸுக்காக எழுதிய நிரல், "இந்தக் கோப்பைத் திற", "இங்கே ஒரு ஜன்னல் வரை", "இந்த ஒலியை எழுப்பு" என்று விண்டோஸின் மொழியில் கேட்கும். லினக்ஸுக்கு அந்த மொழி தெரியாது. தேர்தல் கூட்டத்தில் டெல்லியிலிருந்து வந்த தலைவர் இந்தியில் பேசப் பேச, பக்கத்து மைக்கில் ஒருவர் வரிக்கு வரி தமிழில் சொல்வாரே, அந்த மாதிரி ஒருவர் நடுவில் நின்றால்தான் காரியம் நடக்கும். அப்படி நிற்கும் மென்பொருளின் பெயர் ஒயின். பெயரைக் கேட்டு மாமாக்கள் யாரும் ஆர்வப்பட வேண்டாம். 1993-ல் தொடங்கி, பல நாட்டுக்காரர்கள் முப்பது வருடங்களுக்கு மேலாகக் கட்டிக்கொண்டிருக்கும் வேலை அது. கணினியின் மூளையான பிராசஸரை அது போலி செய்வதில்லை. நிரலின் கணக்குகள் அதே பிராசஸரில் நேராகவே நடக்கும். இயங்குதளத்திடம் கேட்கிற கேள்விகளுக்கு மட்டும் அது பதில் சொல்லும். அதனால்தான் வேகம் பெரிதாகக் குறைவதில்லை.

ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் இந்த ஒயினை அடித்தளமாக வைத்து புரோட்டான் என்ற ஒன்றை வெளியிட்டது. அதற்குள் டிஎக்ஸ்விகே என்று இன்னொரு துபாஷி இருக்கிறார். விண்டோஸ் விளையாட்டுகள் படம் வரையப் பயன்படுத்தும் டைரக்ட்3டி மொழியை வல்கன் என்ற மொழிக்கு மாற்றுவது அவர் வேலை. 2022-ல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவிக்குள் இருப்பதும் லினக்ஸ்தான். அதற்காகவும் புரோட்டானை நன்றாகத் தீட்டினார்கள். இன்று என் புதிய கணினியில் ஒரு விளையாட்டைத் தட்டினால், அது நேரடியா மொழிபெயர்ப்பா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நீங்கள் சொல்வது சரிதான், எல்லாம் ஓடுகிறது.

ஆனால் எந்தக் கணினியில் ஓடுகிறது என்று ஒரு கேள்வி இருக்கிறதல்லவா?

போன கோடை விடுமுறையில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, யூடியூபில் பார்த்த ஒரு கோட்டை கட்டும் விளையாட்டைப் பட்டியலில் கண்டுபிடித்தாள். புதிய கணினியில் எப்போதும் கூட்டம். அதனால் பழைய லேப்டாப் ஒன்றில், அவள் அண்ணனின் போன் ஹாட்ஸ்பாட்டில் டவுன்லோடு போட்டார்கள். ஒரு நாள் டேட்டா அதற்கு எந்த மூலைக்கு? தினமும் கிடைக்கிற டேட்டாவைச் சேர்த்துச் சேர்த்து ஐந்தாவது நாள் முடிந்தது. திறந்தால் கறுப்புத் திரை, இரண்டு நொடியில் தானாக மூடிக்கொண்டது. மறுபடி தட்டினாள், அதேதான். பிறகு என்னிடம் வந்து, மெதுவாக, "நான் ஏதாச்சும் தப்பா அமுக்கிட்டேனா டீச்சர்?" என்று கேட்டாள்.

அந்தப் பிள்ளை எதையும் தப்பாக அமுக்கவில்லை. வல்கன் முதன்முதலில் வெளிவந்ததே 2016-ல். அந்த லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் சில்லு அதற்கு மூத்தது. மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு அழகாகப் பேசினாலும், கேட்கிறவருக்கு அந்த மொழியும் தெரியாது என்றால் என்ன செய்வது? பழைய ஓப்பன்ஜிஎல் வழியாகப் போக ஒரு மாற்றுப் பாதை உண்டு. அதிலும் முயன்று பார்த்தோம். திரை வந்தது, ஆனால் ஒரு கல் தூக்கி வைக்க ஒரு யுகம் ஆனது.

முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவள் நான். எதிரில் இருக்கும் பொருள் வேலை செய்யாதபோது, வசதியான வீட்டுப் பிள்ளை "இது ரிப்பேர்" என்று சொல்லும். இரவல் பொருளிலேயே வளர்ந்த பிள்ளை "நான் கெடுத்துட்டேனோ" என்று பயப்படும். இந்த வித்தியாசத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பட்டியல் பிரிப்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும். எந்த விளையாட்டு எந்தக் கணினியில் ஓடும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், ஒரு பிள்ளை தன்மேல் பழி போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

அவளுக்கு அன்றே ஜீரோ ஏ.டி. என்ற இலவச விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். அது நேரடி லினக்ஸ் விளையாட்டு. சின்ன வரைபடமாகத் தேர்ந்தெடுத்தால் பழைய லேப்டாப்பும் மூச்சு வாங்கிக்கொண்டே இழுத்துவிடும். அதில் ரோமானியர், கிரேக்கர், பாரசீகரோடு நம் மௌரியர்களும் இருக்கிறார்கள். யானைப்படை உண்டு, கட்டட வேலைக்கு உதவும் யானையும் உண்டு. சமூக அறிவியல் புத்தகத்தில் படித்த சந்திரகுப்தரும் அசோகரும் அங்கே தளபதிகளாக வந்ததும் அந்தப் பிள்ளை யூடியூப் விளையாட்டை மறந்தே போனாள்.

இரண்டாவது காரணம், கெட்டுப்போனால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பது. நேரடி விளையாட்டு நின்றுபோனால், அதைச் செய்தவர்களிடமோ நம் லினக்ஸ் அமைப்பிலோ கோளாறைத் தேட வேண்டும். புரோட்டானில் ஓடுவது நின்றுபோனால், விளையாட்டு நன்றாகவே இருக்கும், நடுவில் நிற்பவர் தடுமாறியிருப்பார். வேறு புரோட்டான் பதிப்புக்கு மாற்றினாலே பல நேரம் சரியாகிவிடும். சேமித்த ஆட்டம் இருக்கும் இடமும் வேறு வேறு. புரோட்டான் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு பொய்யான 'சி டிரைவ்' அமைத்துக் கொடுக்கும். பல விளையாட்டுகள் சேமிப்பை அதற்குள்தான் வைக்கும். அது தெரியாமல் இடத்தைக் காலி செய்கிறேன் என்று அந்த ஃபோல்டரை அழித்தால், ஒரு பையனின் ஒரு மாத உழைப்பு போய்விடும்.

மூன்றாவது, நன்றி. மேடையில் தலைவருக்கு மாலை போடுகிறோம். பக்கத்து மைக்கில் தொண்டை கட்டப் பேசியவர் பெயரைக் கேட்கிறோமா? நம் ஊர் நூலகத்தில் ரஷ்யக் கதைகள் தமிழில் படித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். அட்டையைத் திருப்பினால் உள்பக்கத்தில் மொழிபெயர்த்தவர் பெயர் இருக்கும். அந்தப் பெயர் இருப்பது மூலக்கதையைக் குறைத்துச் சொல்வதற்காக இல்லை. இரண்டு பேர் உழைப்பில் இது உன் கைக்கு வந்தது என்று சொல்வதற்காக. அதேபோல், லினக்ஸுக்கென்று மெனக்கெட்டு நேரடியாகச் செய்து தந்தவர்கள் யார் என்பதும் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டினால் இருவரும் கண்ணுக்குத் தெரியாமல் போவார்கள்.

நேரடி என்றால் உயர்ந்தது, மொழிபெயர்ப்பு என்றால் தாழ்ந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ராக்கெட் லீக் என்ற பந்தாட்டத்துக்கு லினக்ஸ் வடிவம் இருந்தது. 2020 மார்ச்சோடு அதன் ஆதரவை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு லினக்ஸ்காரர்கள் விண்டோஸ் வடிவத்தைத்தான் புரோட்டான் வழியாக ஆட வேண்டியிருந்தது. செய்தவர்கள் கைவிட்ட நேரடியைவிட, நாள்தோறும் கவனிக்கப்படும் மொழிபெயர்ப்பு மேல்.

இனி எப்படிப் பிரிப்பது என்று சொல்கிறேன். புரோட்டானை எல்லா விளையாட்டுகளுக்கும் திறந்துவிட்டால், ஸ்டீம் பட்டியலில் பெங்குவின் படத்தைத் தட்டினாலும் ஓடக்கூடியவை எல்லாம் சேர்ந்தேதான் வரும். அதனால் கையால்தான் பிரிக்க வேண்டும்.

முதல் வழி, கடைப் பக்கத்தில் விளையாட்டின் பெயரைத் தேடிக் கீழே இறங்குங்கள். கணினிக்கு என்னென்ன தேவை என்ற பகுதியில் விண்டோஸுக்குப் பக்கத்தில் 'ஸ்டீம்ஓஎஸ் + லினக்ஸ்' என்று தனித் தலைப்பு இருந்தால் நேரடி வடிவம் உண்டு.

இரண்டாவது வழி, ஏற்கெனவே இறக்கியிருந்தால் அந்த விளையாட்டின் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். இஎக்ஸ்இ, டிஎல்எல் என்று முடியும் கோப்புகளாகவே இருந்தால் பெரும்பாலும் விண்டோஸ் சரக்கு. லினக்ஸ் நிரலின் பெயர் பலவிதமாக முடியும். சந்தேகம் வந்தால் டெர்மினலில் 'ஃபைல்' என்ற கட்டளையைக் கொடுத்தால் சொல்லிவிடும். விண்டோஸ் நிரலின் முதல் இரண்டு எழுத்து எம், இசட். லினக்ஸ் நிரலின் தலையில் இ, எல், எஃப் என்று இருக்கும். சாதிச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, 'காம்ப்டேட்டா' என்ற ஃபோல்டர். புரோட்டான் வழியாக ஓட்டிய விளையாட்டுக்கு அதில் அதன் எண்ணில் ஓர் அறை திறந்திருக்கும். நான் சொன்ன பொய்யான சி டிரைவ் இருப்பது அங்கேதான்.

இப்படிப் பார்த்துப் பார்த்து ஸ்டீமிலேயே 'கலெக்‌ஷன்' என்ற வசதியில் போட்டு வைத்தேன். நேரடி 22. புரோட்டான் 36. மீதி மூன்று இரண்டுங்கெட்டான். பழைய டாஸ் காலத்து விளையாட்டை டாஸ்பாக்ஸ் என்ற பெட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். பெட்டி லினக்ஸ், உள்ளே இருப்பது டாஸ். லினக்ஸ் என்று முகவரி ஒட்டியிருந்தும் உள்ளே துபாஷி ஒளிந்திருப்பதும் உண்டு. 2014-ல் தி விட்சர் 2 விளையாட்டின் லினக்ஸ் வடிவம் இஆன் என்ற மொழிபெயர்ப்பு அடுக்கை உள்ளே வைத்துத்தான் வந்தது. பெரியவர்களுக்கான அந்த விளையாட்டு நம் திண்ணையில் கிடையாது, உதாரணத்துக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் இரண்டே கட்டத்தில் அடைத்துவிட முடியாது என்பது பதிவேடு எழுதுகிற எல்லோருக்கும் தெரியும். அதற்குத்தான் குறிப்பு என்று ஒரு கடைசிக் கட்டம் வைக்கிறோம்.

இதற்கு மேல் நான்காவதாக ஒரு பட்டியலும் போட்டேன். பெயர் 'பழைய லேப்டாப்பில் ஓடும்'. நேரடி 22-லும் எல்லாம் அதில் வரவில்லை, 13 தான் வந்தன. அவற்றைத் தமிழில் ஒரு அட்டையில் எழுதித் திண்ணைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். பிள்ளைகள் முதலில் அட்டையைப் பார்க்கிறார்கள், பிறகுதான் மவுஸைத் தொடுகிறார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எனக்கு விளையாட்டு பரிசளிக்க நினைத்தால், அந்த லினக்ஸ் தலைப்பு இருக்கிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். இல்லாவிட்டாலும் அனுப்பலாம், புதிய கணினி இருக்கவே இருக்கிறது. பழைய லேப்டாப் கொடுப்பவர்கள், அது எந்த வருடத்தது, என்ன சில்லு என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள், உங்கள் கையால் எது வெளியே போனாலும் அது எதில் ஓடும், எதில் ஓடாது என்று தெளிவாக எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால் எங்கோ ஒரு பிள்ளை தன்னைத்தானே சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்கக்கூடும்.

எல்லோரும் நலமாக இருங்கள். வெயில் கடுமையாக இருக்கிறது, தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்