கோட்டுக்கு எந்தப் பக்கம்? புக்கிட் கியாரா வரை ஒரு பயணம்

கோலாலம்பூருக்குப் போய் வருகிறவர்கள் இரட்டைக் கோபுரத்தைப் பார்த்தோம், பத்துமலைக்குப் போனோம் என்று சொல்வார்கள். நகரின் மேற்கு ஓரத்தில் உள்ள புக்கிட் கியாராவைப் பார்த்தோம் என்று சொல்பவர் குறைவு. ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம் அது. ஒரு நகரம் தன் நிலத்தை எப்படிக் கூறு போடுகிறது, அந்தக் கூறுகளுக்கு எப்படி எல்லை வகுக்கிறது, அந்த எல்லை மனிதர் வாழ்வை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதையெல்லாம் அங்கே கண்ணாலேயே காணலாம்.

வாருங்கள், போய்வருவோம்.

காஜாங் தடத்தில் ஓடும் எம்.ஆர்.டி. ரயிலில் ஏறி, தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் நிலையத்தில் இறங்க வேண்டும். 1973இல் காலமான துணைப் பிரதமர் துன் டாக்டர் இஸ்மாயிலின் பெயரைத் தாங்கிய குடியிருப்பு இது. இன்னும் சிறிது தூரம் மேற்கே போனால் சிலாங்கூர் மாநிலம் வந்துவிடும். சந்தையையும் கடை வரிசைகளையும் மாடி வீடுகளையும் கடந்து குன்றின் அடிவாரத்தை அடைந்தால் தாமான் ரிம்பா கியாரா என்னும் பூங்கா. புல்வெளியில் பிள்ளைகள் ஓடியாடுகிறார்கள். பெரியவர்கள் காலாற நடக்கிறார்கள். குன்றின் மேல் ஏறும் பாதைகளில் காட்டு மரங்களுக்கு நடுவே பழைய ரப்பர் மரங்களையும் காணலாம். ஒரு காலத்தில் நம் மக்கள் விடியற்காலையில் பால் வெட்டிய மண் இது. ஆம், புக்கிட் கியாரா ஒரு ரப்பர்த் தோட்டம்.

தோட்டம் எப்படி நகரமாயிற்று?

1974 பிப்ரவரி 1ஆம் நாள் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிக்கப்பட்டு, கூட்டரசுப் பிரதேசம் ஆயிற்று. அதன் பரப்பு 243 சதுர கிலோமீட்டர். அந்த எல்லைக்குள் கடைத்தெருக்கள் மட்டுமல்ல, கம்பங்களும் ஈய வயல்களும் ரப்பர்த் தோட்டங்களும் இருந்தன. புக்கிட் கியாராவும் புக்கிட் ஜாலிலும் அப்படிப்பட்டவையே. 1998இல் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்த புக்கிட் ஜாலில் அரங்கைத் தொலைக்காட்சியில் கண்டு மகிழ்ந்தோமே, அந்த இடமும் பால் மரங்கள் நின்ற இடம்தான்.

நகரத்துக்கு எல்லை போட்டாயிற்று. அடுத்து, அதற்குள்ளே எங்கே வீடு, எங்கே கடை, எங்கே தொழிற்சாலை, எங்கே பூங்கா என்று பிரிக்க வேண்டும். இப்படிப் பிரித்த பகுதிகளைத்தான் 'சோன்' என்கிறார்கள்.

இது நமக்குப் புதிதன்று. தோட்டத்தையே எண்ணிப் பாருங்கள். மேட்டில் துரை பங்களா, நடுவில் ஆபீசும் ஸ்டோரும், பள்ளத்தில் லயங்கள், ஓரத்தில் கோயிலும் பள்ளிக்கூடமும், சுற்றிலும் மரங்கள். எந்த ஆண்டில் எந்தப் பகுதியில் கன்று நட்டார்கள் என்று காட்டும் வரைபடம் தோட்ட ஆபீசுச் சுவரில் தொங்கும். லயத்துக்குப் பின்னால் காய்கறி போடலாமா, மாட்டுக் கொட்டகை கட்டலாமா என்பதை அந்தப் படத்தை வைத்திருப்பவர் முடிவு செய்வார். நகரத்திலும் இதே கதைதான். ஒரு வேறுபாடு உண்டு: நகரத்துப் படத்தைப் பார்க்கவும் அதன்மேல் பேசவும் மக்களுக்குச் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது.

கோடு பிறக்கும் விதம்

கோலாலம்பூருக்கு 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம் இருக்கிறது. தீபகற்பத்தின் மற்ற மாநிலங்களுக்கு 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். இரண்டிலும் வேலை ஏறக்குறைய ஒரே வரிசையில் நடக்கிறது.

முதலில் கணக்கெடுப்பு. இன்று எந்த நிலத்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு மக்கள் வாழ்கிறார்கள், சாலை எப்படி, வெள்ளம் எங்கே ஏறுகிறது என்று பார்க்கிறார்கள். பிறகு 'ரஞ்சாஙான் ஸ்துருக்தூர்' என்னும் அமைப்புத் திட்டம். நகரம் எந்தத் திசையில் வளர வேண்டும் என்ற பொதுக் கொள்கையை அது சொல்லும். கோலாலம்பூரின் முதல் அமைப்புத் திட்டம் 1984இல் வந்தது. அடுத்தது 2004இல் வந்தது.

அதன்பின் 'ரஞ்சாஙான் தெம்பாத்தான்' என்னும் உள்ளூர்த் திட்டம். இதில்தான் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் நிறம் தீட்டுகிறார்கள். வீட்டுக்கு ஒரு நிறம், கடைக்கு ஒரு நிறம், தொழிற்சாலைக்கு ஒரு நிறம், பூங்காவுக்குப் பச்சை. இரண்டு நிறங்கள் சந்திக்கும் கோட்டை மனம்போன போக்கில் இழுப்பதில்லை. சாலை, ஆறு, தண்டவாளம், இல்லையேல் நில அளவையில் பதிவான லாட்டின் எல்லை, இவற்றை ஒட்டியே கோடு செல்லும். அப்போதுதான் நாளைக்கு 'இது உன்னுடையதா, என்னுடையதா' என்ற வழக்கு எழாது.

நிறத்தோடு ஓர் எண்ணும் வரும். அது மொத்தம் எவ்வளவு கட்டலாம் என்பதற்கான அளவு. நிலத்தைப் போல் நான்கு மடங்கு என்றிருந்தால், ஆயிரம் சதுர அடி நிலத்தில் எல்லா மாடிகளையும் கூட்டி நாலாயிரம் சதுர அடி வரை கட்டலாம். ஆகவே ஒரு நிறம் மாறினாலும் ஓர் எண் மாறினாலும் நிலத்தின் விலை எங்கேயோ போய்விடும்.

வரைவுப் படம் தயாரானதும் அதை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எதிர்ப்புள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம். அவர்களை அழைத்து விசாரிப்பார்கள். எல்லாம் முடிந்து கெஜட்டில் வெளியானால் கோடு சட்டமாகிவிடும். 2020க்கான நகரத் திட்டத்தின் வரைவு 2008இல் மக்கள் முன் வைக்கப்பட்டும், கெஜட்டில் ஏறப் பத்தாண்டு ஆயிற்று, 2018இல்தான் வந்தது. 2040க்கான உள்ளூர்த் திட்டத்தின் வரைவு 2024இல் பார்வைக்கு வந்து, 2025 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது.

பச்சை நிறம் வென்ற கதை

மறுபடியும் பூங்காவுக்கு வருவோம். புக்கிட் கியாராத் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபின், 1980களின் தொடக்கத்தில் அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்களை 'ரூமா பாஞ்சாங்' எனப்படும் நீள வீடுகளில் குடியேற்றினார்கள். லயத்தைப் போன்ற வரிசை வீடுகள்தாம். தற்காலிகம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அந்தத் 'தற்காலிகம்' ஒரு தலைமுறையைக் கடந்து நீண்டது. தொட்டிலில் வந்த பிள்ளைகள் பேரன் பேத்தி எடுக்கும் வயதை நெருங்கினார்கள்.

2017இல் பூங்காவின் ஒரு பகுதியில் அடுக்குமாடிகள் கட்ட அனுமதி தரப்பட்டது. எட்டு உயர்ந்த கட்டடங்களில் 1,766 வீடுகள். இன்னொரு கட்டடத்தில் 350 குறைந்த விலை வீடுகள். அவற்றில் நூறு வீடுகள் நீள வீட்டுக் குடும்பங்களுக்கு என்றார்கள். சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். அமைப்புத் திட்டத்தில் பூங்கா என்று குறித்த இடத்தில் கோபுரங்கள் எழுவது எப்படி என்பது அவர்கள் கேள்வி. உயர் நீதிமன்றத்தில் தோற்று, மேல் முறையீட்டில் வென்று, வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. 2023 ஏப்ரலில் நீதிபதி நளினி பத்மநாதன் தலைமையிலான அமர்வு அந்த அனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. அமைப்புத் திட்டம் அலங்காரத்துக்கு எழுதியதன்று; டத்தோ பண்டாரையும் அது கட்டுப்படுத்தும்; தக்க காரணம் சொல்லாமல் அதை விட்டு விலக முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

பூங்கா பிழைத்தது. நல்லது. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். பூங்காவுக்குத் திட்டத்தில் ஓர் இடம் இருந்தது. சட்டம் அதற்குத் துணை நின்றது. நம் குடும்பங்களுக்கென்று சொன்ன நூறு வீடுகளோ அந்தக் கட்டுமானத் திட்டத்தை நம்பியே இருந்தன. அது போனதும் அவையும் போயின; வேறு வழி தேட வேண்டியதாயிற்று. அந்தப் பக்கம் பச்சையைக் காக்க நின்றவர்களையும் குறை சொல்ல முடியாது. இந்தப் பக்கம் வீட்டுக்காகக் காத்திருந்தவர்களையும் குறை சொல்ல முடியாது. வாயால் சொன்ன உறுதிக்கும் வரைபடத்தில் ஏறிய உறுதிக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

நாம் செய்ய வேண்டியது

நீங்கள் வாழும் தோட்டத்திலும் இன்று செம்பனை நிற்கலாம். நாளைக்கு அது எந்த நிறம் என்று மாவட்ட மன்றத்தில் உள்ள உள்ளூர்த் திட்டம் முன்கூட்டியே சொல்லிவிடும். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி நிலத்துக்கு விவசாயம், கட்டடம், தொழில் என்று மூன்று வகை உண்டு. அது நிலப் பட்டாவில் இருப்பது. உள்ளூர்த் திட்டத்தின் நிறம் வேறு காகிதம். இரண்டையும் பார்க்க வேண்டும்.

வரைவுப் படம் பார்வைக்கு வருகிறது என்ற அறிவிப்பைப் பத்திரிகையில் கண்டால், 'நமக்கென்ன' என்று மடித்து வைக்காதீர்கள். படித்த பிள்ளையை உடன் அழைத்துக்கொண்டு மன்றத்துக்குப் போங்கள். உங்கள் லயம் எங்கே, கோயில் எங்கே, தமிழ்ப்பள்ளி எங்கே, இடுகாடு எங்கே என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அவற்றுக்குப் படத்தில் இடமில்லை என்றால், குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் கொடுங்கள். தனியாகக் கொடுப்பதைவிடப் பத்துக் குடும்பம் சேர்ந்து கொடுப்பது மேல். கொடுத்ததற்கு முத்திரையிட்ட நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்றார்கள் பெரியோர். கெஜட்டில் ஏறிய கோட்டை மாற்றுவது கல்லில் நார் உரிப்பது போல. வரைவாக இருக்கும்போது அது பென்சில் கோடு. அந்த நாட்களில் வாய் திறப்பவர்களுக்கே படத்தில் இடம் கிடைக்கும்.